புறாவுக்குப் பாடம் சொன்ன பேராசிரியர்

தப்பு செய்தால் அடி. சரியாகச் செய்தால் பேச்சே இல்லை! பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் முறை இதுதான். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர், அமெரிக்க விஞ்ஞானி ஸ்கின்னர்.

இவர் 1904-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை வக்கீல். கதாசிரியர் ஆக வேண்டும் என்பது இளமையில் ஸ்கின்னரின் ஆசை. 1926-ல் கல்லூரிப் படிப்பு முடிந்ததும், பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து எழுதினார். ஓராண்டு ஓடியும் ஒன்றும் தேறவில்லை. பேனாவை மூடிவிட்டு, மனோதத்துவம் படிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

தீனி தீர்ந்தது!

அங்கே அவர் ஒரு பெட்டி செய்தார். அதற்குள் ஒரு சிறு நெம்புகோல். பசித்த எலி அதை அழுத்தினால், தீனி உருண்டை ஒன்று விழும். எலி சீக்கிரமே கற்றுக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை, மீதி இருந்த உருண்டைகளைக் கணக்குப் பார்த்தார். திங்கட்கிழமைக்குள் தீர்ந்துவிடும் போல் இருந்தது! எனவே, எத்தனை முறை அழுத்தினாலும் நிமிடத்துக்கு ஓர் உருண்டைதான் என்று மாற்றினார். எலி விடவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தது.

இதில் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. புதிதாகக் கற்கும்போது ஒவ்வொரு தடவையும் பரிசு வேண்டும். கற்ற பிறகு, அவ்வப்போது கொடுத்தால் போதும். அப்படிப் பழகியதுதான், பரிசு நின்ற பிறகும் நெடுநாள் நிலைக்கிறது.

1943-ல், மாவு மில் ஒன்றின் மாடியில், புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுக் கொடுத்தார். புறா பந்தை அடிக்கட்டும் என்று காத்திருந்தார். அது அடிக்கவே இல்லை. பிறகு, பந்தைப் பார்த்தாலே தீனி கொடுத்தார். அடுத்து, அலகு பந்தின் அருகே போனால் தீனி. சில நிமிடங்களில் புறா பந்தை அடித்து விளையாடியது!

1953-ல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். போட்ட கணக்கு சரியா, தப்பா என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. விடையை உடனுக்குடன் காட்டும் கற்பிக்கும் எந்திரத்தை அவர் செய்ததற்கு அதுவே காரணம்.

கண் பிழைத்தது

அவர் வழியைப் பின்பற்றிய உல்ஃப், ரிஸ்லி முதலிய ஆராய்ச்சியாளர்களிடம் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். கண்ணாடி அணியாவிட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். அவனோ கண்ணாடியைப் போட விடவே இல்லை!

முதலில், வில்லை இல்லாத வெறும் சட்டத்தைத் தொட்டதற்கே தின்பண்டம் கொடுத்தார்கள். பிறகு கையில் எடுத்தால். அதன் பிறகு கண்ணருகே கொண்டுபோனால். இப்படிப் படிப்படியாக, நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் அணியும் அளவுக்கு வந்தான். பெற்றோருக்கும் அந்த முறையைப் பழக்கினார்கள். அதனால் வீட்டுக்குப் போன பிறகும் பழக்கம் நிலைத்தது. 1964-ல் வெளியான இந்த ஆராய்ச்சி, பேச்சு வராத பிள்ளைகளுக்கும், கற்பதில் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் புது வழி திறந்தது.

தாய்மார்கள் இதை வீட்டிலேயே செய்யலாம். சட்டைப் பொத்தான் போடுவதானாலும் சரி, சிறு சிறு படியாகப் பிரித்துச் சொல்லுங்கள். ஒரு படி தேறியதும் உடனே பாராட்டுங்கள். நன்றாகப் பழகிய பிறகு, பாராட்டை மெல்ல மெல்லக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்!

1990 ஆகஸ்டு 10-ந் தேதி, ரத்தப் புற்றுநோய் முற்றிய நிலையிலும், ஸ்கின்னர் அறிஞர்கள் கூட்டத்தில் பேசினார். எட்டாம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 86.