காதலிக்கு லாஜிக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும்? - மேக்ஸ் ஷுல்மன் சொன்ன பாடம்

தர்க்கவியல் என்றாலே கொட்டாவி விடும் மாணவர்களை ஒரே ஒரு காதல் கதையால் நிமிர்ந்து உட்கார வைத்தவர், அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மேக்ஸ் ஷுல்மன்.

யார் இவர்?

1919 மார்ச் 14 அன்று மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது பொருளாதாரப் பெருமந்த காலத்தில். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மாணவர் இதழ்களில் நையாண்டி எழுதினார். கல்லூரி வாழ்க்கையைக் கிண்டலடித்த முதல் நாவல் 1943-ல் வெளியானது. 1951-ல் வந்த ‘டோபி கில்லிஸ்’ கதைத் தொகுப்பு, பிறகு சினிமாவாகவும், 1959 முதல் 1963 வரை டிவி தொடராகவும் ஆனது. அந்தத் தொகுப்பில் உள்ளதுதான் ‘லவ் இஸ் எ ஃபாலசி’.

அப்படி என்ன கதை?

சட்டம் படிக்கும் ஒரு மாணவன். தன்னைவிடப் புத்திசாலி யாருமில்லை என்று நினைப்பு. ரூம்மேட்டுக்கு ரக்கூன் தோல் கோட்டு ஒன்றைக் கொடுத்து, அவன் பழகிவந்த பாலி என்ற பெண்ணை விட்டுக்கொடுக்கச் சொல்கிறான். பாலி அழகி, ஆனால் விவரம் போதாது என்பது இவன் கணிப்பு. எனவே தினமும் தர்க்கப் பிழைகளைப் பாடம் நடத்துகிறான்.

எவை அந்தப் பிழைகள்?

ரெண்டு பஸ் லேட்டாக வந்ததுமே எல்லா பஸ்ஸும் இப்படித்தான் என்பது அவசர முடிவு. விடைத்தாளில் ஒன்றும் எழுதாமல், வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி மார்க் கேட்பது இரக்கத்தைத் தூண்டும் வாதம். எதிராளி வாய் திறக்கும் முன்பே அவனைப் பொய்யன் என்று முத்திரை குத்துவது ‘கிணற்றில் விஷம் கலப்பது’.

பாடம் முடிந்து காதலைச் சொல்கிறான். அவன் எடுத்து வைக்கும் ஒவ்வொரு வாதத்துக்கும் பிழையின் பெயரைச் சொல்லி மடக்குகிறாள் பாலி. கடைசியில் அவள் தேர்ந்தெடுப்பது ரூம்மேட்டைத்தான். காரணம்? அந்த ரக்கூன் கோட்டு!

இன்றும் ஏன் பேசப்படுகிறது?

பல ஆண்டுகளாக அமெரிக்கக் கல்லூரிப் பாடநூல்களில் இந்தக் கதை இடம்பெற்றுவருகிறது. பெண்ணைப் பண்டமாற்றுப் பொருளாகக் காட்டுகிறது என்ற விமர்சனமும் உண்டு. ஆனால் கதையில் அதிகம் அடிவாங்குவது அந்த மாணவனின் தலைக்கனம்தான். அடுத்தவர் பேச்சில் ஓட்டையைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். நம் பேச்சில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியாது. தவிர, தர்க்கத்தால் வாதத்தில் ஜெயிக்கலாம், மனசை ஜெயிக்க முடியாது.

ஷுல்மன் 1988 ஆகஸ்ட் 28 அன்று காலமானார்.