மாயா கற்களைப் பேசவைத்த தாத்தியானா அம்மையார்

நடு அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டின் வட பகுதிக்குப் பெத்தேன் என்று பெயர். அங்குள்ள அடர்ந்த காட்டின் நடுவே திக்கால் என்னும் பழம்பெரும் மாயா நகரம் பாழடைந்து கிடக்கிறது. 1955-ஆம் ஆண்டில் குவாத்தமாலா அரசு அந்நகரையும் சுற்றியுள்ள 576 சதுர கிலோமீட்டர் காட்டையும் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1979-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. நம் மாணவியருள் எவரேனும் ஒருநாள் அங்கே போக எண்ணினால் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? மழை குறைந்த டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். ஏரியின் நடுவே தீவாக அமைந்த புளோரெஸ் நகரை அடைந்தால், அங்கிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர். குடிநீரும் நல்ல காலணியும் கொசுவை விரட்டும் மருந்தும் வேண்டும். இவற்றையெல்லாம் எந்த வழிகாட்டி நூலும் சொல்லிவிடும். ஆனால் அங்கே நிற்கும் கற்கள் யாரைப் பற்றிப் பேசுகின்றன என்பதை அறியாமல் போனால், 47 மீட்டர் உயரக் கோயிலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு திரும்ப வேண்டியதுதான். அக்கற்கள் மனிதரைப் பற்றியே பேசுகின்றன என்று உலகுக்குக் காட்டியவர் ஒரு பெண்மணி. ஆகவே பயண ஏற்பாட்டின் முதற் பகுதியாக அவர் வரலாற்றைத் தெரிந்துகொள்வோம்.

தாத்தியானா புரோஸ்கூரியாகோவ் 1909-ஆம் ஆண்டு சைபீரியாவில் உள்ள டோம்ஸ்க் நகரில் பிறந்தார். தந்தையார் வேதியியல் கற்றவர், தாயார் மருத்துவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ருஷ்யாவுக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட போர்த் தளவாடங்களைச் சோதித்து அனுப்பும் பொறுப்பை ஜார் மன்னரின் அரசு தந்தையாரிடம் ஒப்படைத்தது. குடும்பத்தோடு புறப்பட்டபோது தாத்தியானாவும் அவர் சகோதரி க்சேனியாவும் கடும் நோயுற்றதால் பயணம் தடைப்பட்டது. பிறகே அமெரிக்கா சேர்ந்தார்கள். 1917-இல் ருஷ்யப் புரட்சி வெடித்தது. தந்தையாரை அனுப்பிய அரசே இல்லாமற் போயிற்று. திரும்பிச் செல்ல வழியின்றிக் குடும்பம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது.

கட்டடக் கலை பயிலும் பெண்கள் அக்காலத்தில் மிக அரிது. தாத்தியானா அதையே தேர்ந்து, பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் 1930-இல் பட்டம் பெற்றார். ஆனால் பட்டம் பெற்ற வேளை நல்ல வேளையாக இல்லை. அப்பொழுதுதான் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் பற்றியிருந்தது. வீடு கட்டுவோர் இல்லை. ஆண்களுக்கே வேலை கிட்டாதபோது பெண்ணுக்கு யார் தருவார்? கடையொன்றில் வேலை பார்த்தார். பிறகு துணியில் தையல் வேலை செய்வோருக்குப் பூவேலை மாதிரிகள் வரைந்து கொடுத்தார். அம்மாதிரிகளுக்காகப் பழம்பொருள்களைப் பார்க்கப் பிலடெல்பியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போவார். இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். கட்டடம் கட்டப் படித்தவர் கைக்குட்டைக்குப் பூ வரைவது வீண் என்று ஒதுங்கியிருந்தால் அந்த அருங்காட்சியகத்தின் வாசலை அவர் மிதித்திருக்கவே மாட்டார்.

அங்கே அவருடைய கோடுகளின் நேர்த்தியைக் கண்டவர் லிண்டன் சாட்டர்த்வைட் என்னும் தொல்பொருள் ஆய்வாளர். குவாத்தமாலாவின் மேற்கு எல்லையில், உசுமசிந்தா ஆற்றங்கரையில், பியத்ராஸ் நெக்ராஸ் என்னும் மாயா நகரை அவர் தோண்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். கருங்கற்கள் என்பது அப்பெயரின் பொருள். பயணச் செலவும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது என்ற ஏற்பாட்டில் 1936-இல் தாத்தியானாவை அழைத்தார். இருபத்தேழு வயதில் அவர் காட்டுக்குப் புறப்பட்டார். வழியில் பலெங்கே நகரின் கோயில்களைக் கண்டார். பூவேலை மாதிரிகளுக்கு அவர் மறுபடி திரும்பவில்லை.

இடிந்து மரம் முளைத்துக் கிடந்த அரண்மனைத் தொகுதியை அளந்து, அது வாழ்ந்த நாளில் எப்படி இருந்திருக்கும் என்று அவர் வரைந்த படத்தைச் சில்வேனஸ் மார்லி என்னும் புகழ்பெற்ற அறிஞர் கண்டார். கண்டவர் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டி, ஹோண்டுராஸ் நாட்டுக் கோப்பானுக்கும் மெக்சிகோவின் யுகத்தானுக்கும் அவரை அனுப்பி, மாயா நகரங்களையெல்லாம் வரையச் செய்தார். அவ்வோவியங்கள் 1946-இல் நூலாக வந்தன. அந்நூலில் ஒவ்வொரு கட்டடத்தின் முழு உருவத்தோடு, இன்று எஞ்சியுள்ள இடிபாட்டின் படமும் சேர்ந்தே இருக்கும். எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு தாம் ஊகித்தது என்பதை வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்ற நேர்மை அது. அழகிய படத்தை மட்டும் காட்டியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து அவர் கையிலெடுத்தது, மாயா நகர முற்றங்களில் நிறுத்தப்பட்ட உயரமான கற்பலகைகளை. ஒவ்வொன்றிலும் மனித உருவமும் சுற்றிலும் சித்திர எழுத்துகளும் செதுக்கப்பட்டிருக்கும். இறகுமுடி, இடைக்கச்சை, பாதரட்சை என ஒவ்வொரு சிறு உறுப்பும் காலத்தோடு எப்படி மாறியது என்று அட்டவணை இட்டு, தேதி அழிந்துபோன பலகையையும் இருபது முப்பது ஆண்டு அளவுக்குள் கணிக்கும் முறையை 1950-இல் வெளியிட்டார். பொறுமை மிகுந்த வேலை. வீட்டில் பழைய புகைப்படங்களைப் பார்த்து, புடவைக் கட்டையும் ரவிக்கைக் கையையும் கொண்டு ஆண்டைச் சொல்லும் பாட்டிமார்களைப் போன்றது எனலாம்.

ஆனால் அவ்வெழுத்துகளை அன்று யாரும் படிக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணத்தை நம் பள்ளி மலரில் மறைக்காமல் சொல்வதே முறை. 1562-இல் யுகத்தானில் மானி என்னும் ஊரில், பிரான்சிஸ்கன் சபைத் துறவி தியேகோ தெ லாண்டா மாயா மக்களின் ஏடுகளைச் சிலை வணக்கத்தின் கருவிகள் என்று கருதித் தீயிலிட்டார். அம்மக்கள் துன்புறுத்தவும்பட்டனர். அதே ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த ஆயர் தொரால், அவரும் அதே சபையினரே, அச்செயலைக் கண்டித்துச் சிறைப்பட்டவர்களை விடுவித்தார். இன்று உலகில் எஞ்சியுள்ள பழைய மாயா ஏடுகள் நான்கே நான்கு. விந்தை என்னவெனில், அதே லாண்டா பின்னர் எழுதிய நூலில் மாயா எழுத்துகள் சிலவற்றை ஒலியோடு குறித்துவைத்தார். மறக்கப்பட்டிருந்த அந்நூலின் படியை 19-ஆம் நூற்றாண்டில் மத்ரித் நகரில் தேடி எடுத்தவரும் ஒரு குருவே. பிரான்சு நாட்டவரான பிராசர் தெ பூர்பூர். அக்குறிப்பைக் கொண்டு லெனின்கிராடில் இருந்த யூரி க்னோரசோவ் 1952-இல் எழுத்துகளின் ஒலியை அறியும் வழியைத் திறந்தார். ருஷ்ய மொழியில் எழுதப்பட்ட அக்கட்டுரைகளை நேரே படிக்க முடிந்த மிகச் சில மாயா ஆய்வாளருள் தாத்தியானா ஒருவர்.

எனினும் அவர் தம் வழியே வேறாக நடந்தார். மாயாத் தேதிகளை மட்டும் அறிஞர்கள் முன்பே படித்திருந்தனர். எங்கும் தேதிகளே கண்ணில் பட்டதால், அக்கற்கள் காலத்தையும் விண்மீன்களையும் மட்டுமே போற்றுகின்றன, அதில் உள்ள உருவங்கள் தெய்வங்களும் பூசாரிகளுமே, மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை என்று எரிக் தாம்ப்சன் முதலிய பெரியோர் உறுதியாகக் கூறிவந்தனர். தாம்ப்சன் சொல்லுக்கு அப்போது மறு சொல் கிடையாது.

தாத்தியானா பியத்ராஸ் நெக்ராஸின் பலகைகளை மீண்டும் எடுத்துப் பரப்பினார். அவை கூட்டம் கூட்டமாக வெவ்வேறு கோயில்களின் முன் நின்றவை. ஒவ்வொரு கூட்டத்தின் முதற் பலகையிலும் உயர்ந்த மாடத்தில் ஒருவர் அமர்ந்திருப்பார். ஏணியில் ஏறிய அடிச்சுவடுகள் தெரியும். அதற்கு முன்பாக வரும் ஒரு தேதியை அடுத்து, துணியால் தலையைச் சுற்றிக் கட்டிய பறவை முகம் ஒன்று வரும். பல்வலிக்காரர் தாடையைக் கட்டியிருப்பது போல இருப்பதால் அதற்குப் பல்வலி எழுத்து என்றே ஆய்வாளர் பெயரிட்டிருந்தனர். அதற்கும் பல ஆண்டு முந்திய இன்னொரு தேதியோடு, மேல்நோக்கிய தவளைத் தலை ஒன்று வரும். ஒரு கூட்டத்தின் தேதிகளை எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஒரு மனிதரின் ஆயுளைத் தாண்டவே இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லாம் புதிதாகத் தொடங்கின.

தவளைத் தலை பிறப்பு. பல்வலி எழுத்து அரியணை ஏறியது. ஒரு கூட்டம் ஓர் அரசரின் வாழ்க்கை. சொன்னபின் எவ்வளவு எளிதாக இருக்கிறது! தேதிகள் எத்தனையோ ஆண்டுகளாக எல்லார் கண்முன்னும் இருந்தன. ஒரு சொல்லின் ஒலியைக்கூட அறியாமல், கழித்தல் கணக்கும் பொறுமையும் கொண்டே அவர் இதனைக் கண்டுபிடித்தார். 1960-இல் கட்டுரை வெளிவந்தது. தாம்ப்சன் அதனைப் படித்து, தம் வாழ்நாள் கொள்கைக்கு மாறாக இருந்தும், அவர் சொல்வதே சரி என்று ஒப்புக்கொண்டார். அதுவும் பெருந்தன்மைதான்.

நம் மாணவியர் கருத வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. நீண்ட அங்கி அணிந்த சில உருவங்களை அதுவரை ஆண் பூசாரிகள் என்றே எழுதிவந்தனர். அவ்வுருவங்களோடு வரும் பெயர்களின் முன் ஒரு பெண் முகம் எழுத்தாக நிற்பதைத் தாத்தியானா கவனித்தார். அவர்கள் பூசாரிகள் அல்லர், தாய்மார், அரசியர். பியத்ராஸ் நெக்ராஸின் மூன்றாம் பலகையில் அரசி ஒருவர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சிறுமி சாய்ந்திருக்கிறாள். அரசி கி.பி. 674-இல் பிறந்தார், மகள் 708-இல் பிறந்தாள், பலகை 711-இல் நிறுத்தப்பட்டது. ஆக, அம்மாவின் அருகே இருக்கும் அந்தப் பெண் குழந்தைக்கு வயது மூன்று. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் எழுதியிருந்தும் அவளை யாரும் பார்க்கவில்லை. 1961-இல் மாயாக் கலையில் பெண்களின் உருவங்கள் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார் தாத்தியானா.

திக்காலுக்கு மீண்டும் வருவோம். அங்கே பெரிய முற்றத்தின் இரு பக்கமும் இரண்டு கோயில்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஒன்றின் அடியில் 682-இல் முடிசூடிய அரசர் ஹசாவ் சான் கவீலின் கல்லறை இருந்தது. எதிர்க் கோயிலின் மர உத்தரத்தில் ஒரு பெண்ணின் உருவம். அவர் அரசரின் தேவியார் என்பது அறிஞர் கருத்து. இவற்றை இன்று வழிகாட்டிகள் சாதாரணமாகச் சொல்லிப் போகிறார்கள். 1960-க்கு முன் போயிருந்தால் பெயரற்ற பூசாரிகளின் கதையைத்தான் கேட்டிருப்போம்.

பின்னைய ஆண்டுகளை அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் கழித்தார். சிச்சென் இட்சாவின் புனிதக் கிணற்றிலிருந்து எடுத்த பச்சைக் கற்கள், எரிந்தும் உடைந்தும் துண்டு துண்டாக அங்கே கிடந்தன. அவற்றை ஆண்டுக் கணக்கில் ஒட்டிச் சேர்த்து, 1974-இல் நூலாக்கினார். அமெரிக்கத் தொல்பொருள் ஆய்வின் உயர்ந்த பரிசாகிய கிட்டர் பதக்கம் 1962-இல் அவருக்குக் கிடைத்தது. அப்பதக்கத்தின் உருவத்தை முன்பு வரைந்து கொடுத்தவரும் அவரே! 1984-இல் குவாத்தமாலா அரசு தன் உயர்ந்த விருதாகிய கெத்சால் விருதை அளித்தது. மணம் புரியவில்லை. 1985 ஆகஸ்டு 30-ஆம் நாள் இறந்தார்.

அவருடைய அஸ்தியைப் பியத்ராஸ் நெக்ராஸில் அடக்கம் செய்ய நண்பர்கள் விரும்பினர். ஆனால் குவாத்தமாலாவில் 1996 வரை உள்நாட்டுப் போர் நடந்ததால் அக்காடு எளிதில் நுழையக்கூடியதாக இல்லை. அதற்கிடையே 1960-களிலேயே கொள்ளையர் பல பலகைகளை அறுத்து வெளிநாட்டுக்கு விற்றுவிட்டிருந்தனர். 1998-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று, இளம்வயதில் அவர் அளந்து வரைந்த அதே அரண்மனைத் தொகுதியின் உச்சியில் அஸ்தி வைக்கப்பட்டது.

அவ்விடம் இப்போது சியேரா தெல் லக்காந்தோன் என்னும் வேறொரு தேசியப் பூங்காவினுள் உள்ளது. திக்காலைப் போலச் சாலை கிடையாது. உசுமசிந்தா ஆற்றில் படகில் பல மணி நேரம் போக வேண்டும், நடுவே நீர் சுழித்தோடும் இடங்களும் உண்டு. திக்காலுக்குப் போகிறவர்கள், கையில் இன்னும் சில நாள்களும் நல்ல படகோட்டியும் இருந்தால், அந்த ஆற்றுப் பயணத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.