கீழ்த்தளத்திலிருந்து மேலே வந்த டாக்டர்

இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஓர் அமெரிக்க டாக்டர், சிட்னி ஃபார்பர். மருத்துவம் படிக்கிற நண்பர்களைக் கேட்டால் சட்டென்று சொல்வார்கள், குழந்தைகளுக்கான கீமோ சிகிச்சைக்கு வழி திறந்தவர் என்று. அது சரிதான். ஆனால் எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. பிள்ளை படுக்கையில் கிடக்கும்போது பக்கத்தில் நிற்கிற அம்மா அப்பாவையும் அவர் கணக்கில் சேர்த்தார்.

1903-இல் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 14 பிள்ளைகள், இவர் மூன்றாவது. யூதக் குடும்பம். அந்தக் காலத்தில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் யூத மாணவர்களுக்கு இடம் கிடைப்பது லேசில்லை. ஜெர்மனிக்குப் போய் முதல் வருஷம் படித்து, அங்கே நல்லா செய்து காட்டிய பிறகுதான் ஹார்வர்டில் நுழைய முடிந்தது. கோட்டா பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மேலே போவோம்.

1929-இல் போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் டாக்டராக வேலைக்குச் சேர்ந்தார். நோயியல் என்றால் உயிரோடு இருக்கிற நோயாளியைப் பார்க்கிற வேலை இல்லை. இறந்துபோன குழந்தைகளின் உடலைத் திறந்து, எதனால் இறந்தார்கள் என்று பார்ப்பது, திசுக்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படிப்பது. கீழ்த்தளத்தில் ஒரு சின்ன லேப். ஏறக்குறைய இருபது வருஷம் இந்த வேலைதான். மேலே வார்டில் தோற்றுப்போன ஒவ்வொரு பிள்ளையும் கடைசியில் கீழே இவருடைய மேசைக்கு வந்து சேர்ந்தது.

அதில் அவரை விடாமல் துரத்தியது லுக்கீமியா, அதாவது இரத்தப் புற்றுநோய். 1940-களில் ஒரு குழந்தைக்கு அது வந்தால் சில வாரம், மிஞ்சினால் சில மாதம். டாக்டர்கள் நோயின் பெயரைச் சொல்வார்கள், கொஞ்சம் இரத்தம் ஏற்றுவார்கள், பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்று விட்டுவிடுவார்கள். பெற்றோர் கூடவே தங்கவும் முடியாது. அன்றைய மருத்துவமனைகளில் பார்வை நேரம் அவ்வளவு கண்டிப்பு. அம்மா வந்து போனால் பிள்ளை அழும், வார்டு ஒழுங்கு கெடும் என்பது அவர்கள் கணக்கு. வெளியே போய் யாரிடமாவது சொல்லி அழலாமா என்றால் அதுவும் முடியாது. புற்றுநோய் என்ற வார்த்தையையே மெதுவாகத்தான் சொல்வார்கள். நம்ம வீடுகளில் இன்றைக்கும் சில பாட்டிகள் "அந்த நோய்" என்றுதானே சொல்கிறார்கள்?

ஃபார்பர் லுக்கீமியாவைத் தேர்ந்தெடுத்ததில் பொறியியல் படிக்கிற எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வயிற்றுக்குள் இருக்கிற கட்டி வளர்கிறதா சுருங்குகிறதா என்று அன்றைக்கு உள்ளே போய்ப் பார்க்க முடியாது. இரத்தத்தில் இருப்பதை ஒரு துளி எடுத்து எண்ணிவிடலாம். மருந்து கொடு, எண்ணு, மறுபடி கொடு, மறுபடி எண்ணு. அளக்க முடிந்த இடத்திலிருந்து தொடங்கினார்.

முதலில் ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமினைக் கொடுத்துப் பார்த்தார். இரத்தம் ஊற உதவுகிற சத்து அது. நோய் குறையவில்லை, இன்னும் வேகமாகப் பெருகியது. பயங்கரமான முடிவு. ஆனால் அதிலிருந்துதான் அவருக்கு அடுத்த கேள்வி பிறந்தது. இந்தச் சத்து நோய்க்குத் தீனி என்றால், தீனி போய்ச் சேராமல் அடைக்கிற மருந்து இருந்தால் என்ன ஆகும்?

அந்த மருந்தைக் கொடுத்தது நம்ம பக்கத்து ஆள். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர்த் துணியில் அறுவைச் சிகிச்சை உடுப்பு தைத்துப் போட்டதால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்தவர். அவருடைய அண்ணன் தம்பிகளில் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். பின்னாளில் அவர் குழு தயாரித்த ஃபோலிக் அமிலம் அதே ஸ்ப்ரூவுக்கு மருந்தானது. போஸ்டனுக்கு வந்த புதிதில் பிழைப்புக்காக மருத்துவமனையில் இராத்திரி போர்ட்டர் வேலை பார்த்திருக்கிறார். 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தைப் போலவே வேஷம் போட்டு அதன் வேலையைத் தடுக்கிற அமினோப்டெரின் அவருடைய குழுவிடமிருந்துதான் ஃபார்பருக்கு வந்தது.

1947 டிசம்பர் கடைசியில் ஒரு சின்னப் பையனுக்கு முதலில் கொடுத்தார்கள். ஏறிக்கொண்டே இருந்த வெள்ளணுக்கள் இறங்கத் தொடங்கின. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 பிள்ளைகளின் விவரம் இருந்தது. அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் இறந்துபோனார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

தணிந்தது என்றுதான் எழுதினேன், குணமானது என்று எழுதவில்லை. சில மாதம் கழித்து நோய் திரும்ப வந்தது. அந்த முதல் பிள்ளைகள் பிழைக்கவில்லை. கூட வேலை செய்தவர்களிலேயே பலர் ஃபார்பரைக் கடிந்தார்கள். நிம்மதியாகச் சாக விடாமல் பிள்ளைகளை ஏன் வாட்டுகிறார் என்றார்கள். அந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. மருந்தின் பக்கவிளைவுகள் கடுமை. ஆனால் எழுந்து நடக்க முடியாமல் கிடந்த பிள்ளை எழுந்து சாப்பிட்டு, வீட்டுக்குப் போய் உடன்பிறப்புகளோடு விளையாடியதை அந்தக் குடும்பங்கள் பார்த்தன. அந்த மாதங்களுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது என்பது என் எண்ணம்.

ஃபார்பர் இதற்குச் செயலில் கொடுத்த பதில்தான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்று நான் சொல்வேன். மொத்தக் கவனிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார். நோய் பிள்ளையின் உடம்பில் இருந்தாலும் அடி வாங்குவது முழுக் குடும்பமும். அப்பா வேலைக்கு லீவு போட வேண்டும், மற்ற பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், பணம் கரைகிறது, அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. அன்றைய முறையில் இதற்கெல்லாம் ஒவ்வொரு கவுண்டராக அலைய வேண்டும். ஃபார்பர் அதைத் திருப்பிப் போட்டார். டாக்டர், தாதி, சமூக சேவகர், சத்துணவு பார்ப்பவர், மனதுக்கு ஆறுதல் சொல்பவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ், ஒரே குழுவாக. குடும்பம் அவர்களைத் தேடி ஓடாது, அவர்கள் குடும்பத்தைச் சுற்றி நிற்பார்கள். முடிந்தவரை பிள்ளையை வார்டில் அடைத்து வைக்காமல், கிளினிக்குக்கு வந்து மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற மாதிரி செய்தார். இரத்த வங்கியில் ஒரு படிவம், வேறொரு கட்டடத்தில் இன்னொரு படிவம் என்று அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இதற்கெல்லாம் காசு வேண்டுமே. 1948 மே மாதம், நாடு முழுவதும் கேட்ட ஒரு வானொலி நிகழ்ச்சி ஃபார்பரின் 12 வயது நோயாளி ஒருவனோடு மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே நேரடியாகப் பேசியது. அவனுக்குப் பிடித்த பேஸ்பால் வீரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்தார்கள். பையனின் உண்மைப் பெயரைச் சொல்லாமல் ஜிம்மி என்றார்கள். ஆட்டம் பார்க்க அவனுக்கு ஒரு டிவி வேண்டும், 20,000 டாலர் சேர்ந்தால் கிடைக்கும் என்றார்கள். சேர்ந்தது 2 இலட்சம் டாலருக்கும் மேல். நோயுற்ற பிள்ளையின் குரலை வைத்துப் பணம் திரட்டுவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் பெயரையும் முகத்தையும் மறைத்துச் செய்தார்களே, அது இன்றைக்கு போனில் வருகிற பல நன்கொடைப் படங்களைவிட மேல்.

அந்தப் பணத்திலிருந்து வளர்ந்த நிதியில் 1952-இல் தனிக் கட்டடமே திறந்தார்கள். பயந்து வருகிற பிள்ளைகளுக்காக உள்ளே கதைப் பாத்திரங்களும் பொம்மைகளும் வைத்தார்கள். பிறகு அந்தப் பத்தாண்டிலேயே, சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிக்கு ஆக்டினோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்து, நிஜமாகவே பிள்ளைகளைக் காப்பாற்றிக் காட்டினார்கள். வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் கேட்டதும் உண்டு. 1971-இல் வந்த தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தின் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

1973 மார்ச்சில், தன் அலுவலகத்திலேயே மாரடைப்பில் இறந்தார் ஃபார்பர். வயது 69. அவர் தொடங்கிய நிலையம் இன்று டானா-ஃபார்பர் என்ற பெயரில் நடக்கிறது.

ஜிம்மி பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவனும் அந்தக் கால மற்றப் பிள்ளைகளைப் போல இறந்திருப்பான் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1998-இல், சரியாக 50 வருஷம் கழித்து, அவர் உயிரோடு இருப்பது ஊருக்குத் தெரிந்தது. ஐனார் குஸ்டாஃப்சன், மேய்ன் மாநிலத்து உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் வீட்டுப் பையன். குடலில் வந்த புற்றுநோய்க்காக ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளியிருந்த போஸ்டனுக்கு வந்தவர். நம்ம ஊரில் ஜொகூர் பாருவிலிருந்து தைப்பிங் போகிற தூரம். வளர்ந்து லாரி ஓட்டினார், கல்யாணம் செய்தார், மூன்று பெண்களுக்கு அப்பா ஆனார். வெளியே தெரிந்த பிறகு தான் சிகிச்சை பெற்ற இடத்துக்கே திரும்பிப் போய், அங்கே மருந்து ஏற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மா அப்பாவையும் பார்த்துப் பேசினார்.