கால் ஓய்ந்தது, கடமை ஓயவில்லை!

நோய் வந்தால் தலைவிதி என்பார் உண்டு. முன்வினை என்று மூலையில் முடங்குவாரும் உண்டு. தீராத நோயோடு வாழக் கற்று, வாழ்ந்து, வளர்ந்த ஒருவரை நாம் இன்று எண்ணிப் பார்ப்போம். அவர்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

1882-இல் பிறந்தவர். செல்வக் குடும்பம், செல்லப் பிள்ளை. 1920-இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று தோற்றார். அந்த வடு ஆறுமுன் விழுந்தது அடுத்த அடி. 1921 ஆகஸ்டில், கேம்போபெல்லோ தீவில் ஓய்வெடுக்கச் சென்ற இடத்தில் காய்ச்சல் கண்டது. சில நாட்களில் கால்கள் இரண்டும் செயலிழந்தன. இளம்பிள்ளை வாதம் என்றனர் மருத்துவர். வயதோ 39!

மகன் அரசியலை விட்டு மாளிகையில் அமைதியாக இருக்கட்டும் என்று தாயார் விரும்பினார். மனைவி எலினார் இசையவில்லை; நண்பர் லூயி ஹோ இசையவில்லை; அவரும் இசையவில்லை. கால்களில் எஃகுச் சட்டம் பூட்டி, எழுந்து நிற்கப் பழகினார். 1924-இல் நியூயார்க் கட்சி மாநாட்டில் ஊன்றுகோல்களுடன் மேடையேறிப் பேசினார். அந்தச் சில அடிகளுக்குப் பின்னே மூன்றாண்டு உழைப்பு! ஆனால், துணையின்றி அவர் மீண்டும் நடக்கவேயில்லை.

அதே ஆண்டு, ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குச் சென்றார். கால் குணமாகவில்லை, கண் திறந்தது. தம்மைப் போன்ற நோயாளிகளோடு பழகினார்; சுற்றிலுமிருந்த ஏழை உழவரின் வாழ்வைக் கண்டார். 1926-இல் தம் சொத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டு அவ்விடத்தை வாங்கி, மருத்துவ நிலையமாக்கினார். குறையையும் கூறத்தான் வேண்டும்: கறுப்பினத்தாருக்கு அங்கே இடமில்லை! நோய் நிறம் பார்க்கவில்லை; மனிதர் பார்த்தனர்.

1933-இல் ஆட்சி ஏறினார். ஆலைகள் மூடிக்கிடந்தன; உழைப்பாளரில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றித் தவித்த காலம். 1935-இல் வந்தது சமூகப் பாதுகாப்புச் சட்டம்: முதியோருக்கு ஓய்வூதியம், வேலையிழந்தோருக்கு உதவித்தொகை. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் சட்டமும் அதே ஆண்டில்தான். பிறர் தோளைப் பற்றி நின்று பழகியவருக்கு, துணை நாடுவது இழிவல்ல என்று யாரும் சொல்லித்தர வேண்டுமா?

1938-இல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். மக்கள் சிறு காசுகளை அனுப்பினர், ஆராய்ச்சி வளர்ந்தது. 1945 ஏப்ரல் 12-இல் அவர் மறைந்தார். சரியாகப் பத்தாண்டு கழித்து, 1955 ஏப்ரல் 12-இல், ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பூசி பலன் தருகிறது என்ற அறிவிப்பு வந்தது.

ஓடி விளையாடும் குழந்தைகளின் கால்களைக் காணும்போது, நடக்க முடியாத அந்த மனிதரை நாம் நினைவிற்கொள்வோம்.