சென்னை டு இடையன்குடி... நடந்தே வந்த கால்டுவெல்! திருச்செந்தூரிலிருந்து சைக்கிளில் ஒரு தேடல்

வீக் எண்டு ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் கூட்டம் இப்போது தென்மாவட்டங்களிலும் பெருகிவிட்டது. ஹெல்மெட், கையுறை, தண்ணீர் பாட்டில், பஞ்சர் கிட் சகிதம் அதிகாலையில் திருச்செந்தூர் கடற்கரைச் சாலையில் நின்றால், நான்கைந்து பேரையாவது பார்த்துவிடலாம். ஒரு தை மாதக் காலையில் நானும் அப்படித்தான் கிளம்பினேன். கடற்கரையை ஒட்டித் தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனால் இடையன்குடி. அங்கே ஒரு கல்லறை இருக்கிறது. சைக்கிள் என்ற பொருள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, சென்னையிலிருந்து அந்த ஊர்வரைக்கும் நடந்தே வந்த ஒருவரின் கல்லறை அது.

ராபர்ட் கால்டுவெல். பாடப்புத்தகத்தில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்போம். மெரினா கடற்கரையில் சிலையாகப் பார்த்திருப்போம். ஆனால், அவருடைய வாழ்க்கையை ஒரு பயணியின் வாழ்க்கையாகப் பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. மெதுவாகப் போகிறவருக்கு ஓர் ஊர் என்னவெல்லாம் காட்டும், எதையெல்லாம் காட்டாது என்கிற கதை.

கப்பலில் கிடைத்த முதல் பாடம்

1814 மே 7 அன்று அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர் கால்டுவெல். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பிவிட்டது. பதினாறு வயதில் ஓவியம் படிக்க டப்ளினுக்குப் போனார். அந்த ஆசை பாதியில் நின்றது. பிறகு, மதப்பணிக்கு வருவது என்று முடிவெடுத்து லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டு நடத்திய வகுப்புகள், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை அவருக்குள் கிளப்பிவிட்டன.

1838 ஜனவரி 8 அன்று 'மேரி ஆன்' என்ற கப்பல் அவரைச் சென்னையில் கொண்டுவந்து இறக்கியது. நல்லதொரு வழித்துணையும் அந்தக் கப்பலில் அமைந்தது. தெலுங்கு மொழிக்குப் பெரும் தொண்டு செய்த சி.பி.பிரவுன் அதே கப்பலில் வந்தார். மாதக்கணக்கில் நீளும் பயணம், நடுக்கடல், பேச ஆள் வேண்டும். இந்திய மொழிகளைப் பற்றி பிரவுனிடம் ஆசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார் இளைஞர் கால்டுவெல். விமானத்தில் வந்திருந்தால் தூங்கிக்கொண்டே வந்து இறங்கியிருப்பார்!

சென்னையில் மூன்று வருடங்களுக்கு மேல் தங்கித் தமிழ் படித்தார். 1841-ல் லண்டன் சங்கத்திலிருந்து விலகி, ஆங்கிலிகன் திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமைக்குப் போய்ப் பணியாற்றும் பொறுப்பு வந்தது. இங்கேதான் அவர் எல்லாரையும் ஆச்சர்யப்படுத்தும் ஒரு முடிவை எடுத்தார்.

பல்லக்கு வேண்டாம், குதிரையும் வேண்டாம்

அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் தெற்கே போக வேண்டுமென்றால் பல்லக்கு இருந்தது, குதிரை இருந்தது, மாட்டு வண்டி இருந்தது. ரயில் வர இன்னும் பல வருடங்கள் இருந்தன. கால்டுவெல் எதிலும் ஏறவில்லை. நடந்தார். புத்தகத்தில் படித்த தமிழ் வேறு, தெருவில் பேசும் தமிழ் வேறு என்பது சென்னையிலேயே அவருக்குப் புரிந்திருந்தது. ஜனங்களோடு பேசிப் பழகி, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போக நடைதான் சரி என்று நினைத்தார். பல்லக்கின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு அது எங்கே கிடைக்கும்?

வழியும் நேர்வழி இல்லை. கடலோரமாகவே இறங்கித் தரங்கம்பாடியைப் பார்த்தார். அது அப்போது டென்மார்க்காரர்கள் வசம் இருந்தது. நான்கு வருடங்கள் கழித்து, 1845-ல்தான் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று காவிரி பாயும் ஊர்கள் வழியாக மேற்கே போனார். மேட்டூர் அணை கட்ட இன்னும் 90 வருடங்களுக்கு மேல் இருந்தது. காவிரி தன் இஷ்டத்துக்குப் பெருகி, தன் இஷ்டத்துக்கு வற்றிய காலம். நெல் வயல், தென்னந்தோப்பு, அக்ரகாரம், சேரி, சத்திரம், சந்தை என்று ஒவ்வொன்றையும் காலடி வேகத்தில் கடந்தார். வெள்ளைக்காரர் வெயிலில் நடந்து வருவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். வசதியில்லாதவர்தான் நடப்பார் என்று எடை போட்ட காலம் அது.

பிறகு நீலகிரி ஏறினார். 1841 செப்டம்பர் 19 அன்று உதகமண்டலத்தில் பிஷப் ஸ்பென்சர் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். மலையிலிருந்து இறங்கி கோயம்புத்தூர், மதுரை வழியாக மறுபடியும் நடை. அந்த வருடக் கடைசியில், தாமிரபரணி தேசத்துக்கு வந்து, இடையன்குடியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 27.

இந்த நடையின் தடம் அவருடைய பிற்கால எழுத்தில் தெரிகிறது. நீலகிரியில் பேசப்படும் தோடா, கோத்தா மொழிகளுக்குப் பின்னாளில் அவருடைய நூலில் இடம் கிடைத்தது. எழுத்து வடிவமும் இலக்கியமும் உள்ள மொழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் நின்றுவிடவில்லை.

பனங்காட்டில் 40 வருடங்கள்

திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று பெடல் மிதித்துப் போகும்போது, அவர் வந்து சேர்ந்த பூமி எப்படிப்பட்டது என்பது கால்களுக்குத் தெரிகிறது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் பனை, உடைமரம், செம்மண் தேரி. மணல் காற்றில் பறந்து ரோட்டில் படிந்திருக்கும் இடங்களில் டயர் வழுக்கும். தாமிரபரணிக் கரையில் வாழையும் நெல்லுமாக இருக்கும் பச்சை, இங்கே கிடையாது.

கால்டுவெல் நடந்து வந்தது போதுமென்று உட்கார்ந்த இடம் இதுதான். கிராமத்தைச் சுற்றி நிலம் வாங்கி, நேரான தெருக்கள் போட்டு, கிணறு வெட்டி, மரம் நட்டு, ஊரையே புதிதாக அமைத்தார். இன்றைக்கும் இடையன்குடியின் தெருக்களில் அந்த ஒழுங்கைப் பார்க்கலாம். 1844-ல் எலைசா மால்ட்டைத் திருமணம் செய்தார். நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்லஸ் மால்ட்டின் மகள் அவர். சிறுவயதிலிருந்தே இங்கே வளர்ந்ததால், நம்மூர்ப் பேச்சு எலைசாவுக்கு இயல்பாக வந்தது. பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். நாகர்கோவிலில் அவருடைய அம்மா தொடங்கிவைத்த லேஸ் பின்னும் வேலையை இடையன்குடிப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். கையில் காசு புரளாத வீடுகளில், பெண்களுக்குச் சொந்தமாக ஒரு வருமானம் வந்தது.

ஊரின் நடுவே நிற்கும் தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் வேலை தொடங்கியது. முடிந்தது 1880-ல். 33 வருடங்கள்! இந்த மனிதர் எதிலுமே அவசரப்படவில்லை என்பதற்கு அந்தக் கோபுரமே சாட்சி.

இடையில், 1856-ல் வெளிவந்தது அவருடைய ஒப்பிலக்கண நூல். தென்னிந்திய மொழிகள் சம்ஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்பதை 1816-லேயே எல்லிஸ் என்ற அதிகாரி சொல்லியிருந்தார். அதை விரிவான சான்றுகளோடு, ஒலி ஒலியாக, சொல் சொல்லாக நிறுவிக் காட்டியது கால்டுவெல்தான். 1875-ல் வந்த திருத்திய பதிப்பில் 12 மொழிகளைக் கணக்கில் எடுத்திருந்தார். பனங்காட்டு கிராமத்தில், விளக்கு வெளிச்சத்தில், சபை வேலைகளுக்கு நடுவே நடந்த வேலை இது.

அவர் சறுக்கிய இடம்

இதோடு நிறுத்தினால் இது புகழ் மாலை ஆகிவிடும். கால்டுவெல் வாழ்க்கையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1849-ல் திருநெல்வேலி நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றார். அவர்களுடைய வழிபாடு, பழக்கவழக்கம், அறிவுத்திறன் எல்லாவற்றையும் மட்டம் தட்டி எழுதினார். தினமும் அவர் பார்த்துப் பேசிய, அவருடைய சபையில் உட்கார்ந்திருந்த மனிதர்கள் அவர்கள்.

அந்தச் சமூகத்தில் படித்தவர்கள் பெருகியபோது, நூலில் இருப்பது என்ன என்று தெரியவந்தது. கொந்தளிப்பு எழுந்தது. கால்டுவெல்லின் கருத்துகளைக் கடுமையாக மறுத்தவர்களில் ஒருவர் சட்டாம்பிள்ளை. ஐரோப்பிய மிஷனரிகளின் மேலாதிக்கம் வேண்டாமென்று, 1857-ல் நாசரேத் பக்கத்தில் இருக்கும் பிரகாசபுரத்தில் தனியாக ஒரு திருச்சபையையே தொடங்கியவர் அவர். கால்டுவெல்லின் எழுத்துக்கு எதிரான அந்த மனக்காயம் பல பத்தாண்டுகள் ஆறவில்லை.

நூற்றுக்கணக்கான மைல் நடந்து, ஜனங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்தவர், பக்கத்து வீட்டுக்காரரை எப்படித் தப்பாக எடை போட்டார்? சைக்கிளை ஒரு பனை நிழலில் சாய்த்துவிட்டு, இதைத்தான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் பனங்கிழங்கு அவித்து விற்றுக்கொண்டிருந்தார். எத்தனை கிலோமீட்டர் ஆச்சு, எவ்வளவு நேரம் ஆச்சு என்று என் போன் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவரைப் பற்றி அது எதையும் காட்டவில்லை. நானும் அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எழுந்து போய்ப் பேச்சுக் கொடுத்தேன். ஒரு மரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கணும், இப்போது பனையேற ஏன் ஆள் இல்லை என்று அரை மணி நேரம் சொன்னார். மெதுவாகப் போவது பாதி வேலைதான். இறங்கி நின்று, எதிரே இருப்பவர் நமக்குச் சமம் என்று நினைத்துக் காது கொடுப்பதுதான் மீதி. கால்டுவெல் முதல் பாதியைப் பிரமாதமாகச் செய்தார். இரண்டாவது பாதியில் ஒரு முறை பலமாகச் சறுக்கினார்.

ஆறு சொன்ன ரகசியம்

கால்டுவெல்லின் நிதானமான பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க, திருச்செந்தூரிலிருந்து எதிர்த்திசையில், வடக்கே போக வேண்டும். ஆறுமுகநேரி, ஆத்தூர் தாண்டி முக்காணி பக்கம் தாமிரபரணியைக் கடந்தால், ஏரல் போகும் வழியில் கொற்கை. ஆத்தூர் என்றாலே வெற்றிலைக் கொடிக்கால்தான், அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வாய்க்கால் ஓரமாகவே சைக்கிளை விடலாம்.

சங்கப் பாடல்களும் கிரேக்க, ரோமானியக் குறிப்புகளும் புகழும் முத்துத் துறைமுகம் கொற்கை. ஆனால், இன்றைய கொற்கையில் நின்றால் கடலே தெரியாது. அது சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கால்டுவெல் இங்கே வந்து பார்த்து, தோண்டிப் பார்த்து, 1877-ல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எழுதினார். பழைய கிரேக்கக் குறிப்புகளில் வரும் கொல்கோய் இந்த ஊர்தான் என்றும், மார்க்கோ போலோ சொல்லும் காயல் என்பது ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழையகாயல் என்றும் விளக்கினார். வருடா வருடம் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியது. கொற்கை துறைமுகம் தூர்ந்தது. அதற்குப் பதிலாகக் காயல் எழுந்தது. பிறகு அதுவும் தூர்ந்தது. ஓர் ஆறு இரண்டு துறைமுகங்களின் விதியை எழுதிய கதை இது. 1881-ல் வந்த அவருடைய திருநெல்வேலி வரலாற்று நூல், இந்த மாவட்டத்தைப் பற்றி எழுதுகிற யாரும் தாண்டிப் போக முடியாத நூல்.

கடைசிப் பயணம்

1877-ல் கால்டுவெல் பிஷப் ஆனார். 1883-ல் தூத்துக்குடிக்கு இடம் மாறினார். 1891 தொடக்கத்தில் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபோது, சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. கொடைக்கானலில் தங்கினார். அதே வருடம் ஆகஸ்ட் 28 அன்று அங்கேயே இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டுவந்து, 33 வருடங்களாக அவர் கட்டிய ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். ஐம்பது வருடங்களுக்கு முன்பு நடந்து வந்து சேர்ந்த ஊருக்கே கடைசியாகவும் வந்தார். 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் சிலை வைத்தார்கள். இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவில்லம் ஆக்கியிருக்கிறது.

நீங்களும் போக நினைத்தால் ஒரு யோசனை. தை, மாசியில் போங்கள். வெயில் குறைவு, வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். முதல் நாள் திருச்செந்தூரிலிருந்து இடையன்குடி. காற்று எதிரே அடிக்கும் என்பதால், திரும்பி வர ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் கொற்கையும் தாமிரபரணிக் கரையும். குடிக்கத் தண்ணீர், ஒரு பம்ப், பஞ்சர் கிட் கட்டாயம். உடைமுள் டயரைச் சும்மா விடாது. எனக்கு மணப்பாட்டுக்கு அப்பால் இரண்டு முறை பஞ்சர். இரண்டாவது தடவை டியூப்பை ஒட்டிக்கொண்டிருந்தபோது, பேச்சுக் கொடுக்க ஆள் வந்துவிட்டார்கள். ஊருக்குப் போகும் பஸ் நேரத்தையும் சொல்லி, பஸ் இருக்கும்போது ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறேன் என்றும் கேட்டார்கள். 1841-ல் கால்டுவெல்லிடமும் இதே மாதிரி யாராவது கேட்டிருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.