காஞ்சி தந்த பேரறிஞர்

தொண்டை நாட்டின் தலைநகராய் விளங்கிய தொன்னகர் காஞ்சிபுரம். விண்ணுயர் கோபுரங்கள் அதன் பழம்பெருமையைப் பறைசாற்றும். தறிகளின் ஓசை அதன் உழைப்பை எடுத்துரைக்கும். அந்நகரில், நெசவாளர் குடும்பமொன்றில், நடராசனுக்கும் பங்காரு அம்மாளுக்கும் மகனாக 1909-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் அண்ணாதுரை பிறந்தார்.

சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்ற அவர், பெரியாரின் தொண்டரானார். 1942-இல் காஞ்சியிலிருந்து ‘திராவிட நாடு’ என்னும் கிழமை இதழை நடத்தத் தொடங்கினார். 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைக் கண்டார். தென்னாட்டுக்குத் தொழில் வளம் உரியவாறு கிட்டவில்லை என்னும் குறையும், இந்தி திணிக்கப்படும் என்னும் அச்சமும் அந்நாளில் நிலவின. ஆதலின், தென்னாடு தனி நாடாதல் வேண்டும் என அக்கழகம் கோரியது. 1962-இல் மாநிலங்களவையிலும் அண்ணா அக்கோரிக்கைக்காக வாதாடினார்.

அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படைகள் இந்திய எல்லைக்குள் புகுந்தன. நாட்டின் பாதுகாப்பே முதற்கடன் எனக் கருதிய அண்ணா, அரசுக்குத் துணைநின்றார். மறு ஆண்டு அரசியலமைப்பின் 16-ஆம் திருத்தம் நிறைவேறியது. தேர்தலில் நிற்போர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி ஏற்றல் வேண்டும் என அது விதித்தது. பல்லாண்டுகளாகத் தொண்டர்கள் நெஞ்சில் தாம் வளர்த்த கொள்கையைக் கைவிடுதல் ஒரு தலைவருக்கு எளிதன்று. எனினும், 1963-இல் கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. குறைகள் தீர்ந்துவிட்டன என்று அண்ணா கருதினாரல்லர். இந்தியாவுக்குள்ளேயே மாநிலங்களுக்கு மிகுந்த உரிமை பெறுதல் அவற்றைத் தீர்க்கும் வழி எனத் துணிந்தார்.

1967-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் அவர் முதலமைச்சரானார். அவ்வாண்டு சூலைத் திங்களில், சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1968-இல் தமிழும் ஆங்கிலமும் போதும் என்னும் இருமொழிக் கொள்கையும் அம்மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. ஒரு காலத்தில் தனி நாடு கேட்டவர், மக்கள் வாக்கையும் சட்டத்தையும் துணைக்கொண்டே தம் நோக்கங்களை நிறைவேற்றினார். 1969-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, புதிய பெயர் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இருபதாம் நாள், பிப்ரவரி 3 அன்று, அண்ணா மறைந்தார்.

காஞ்சிப் பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்படும் அவ்விரண்டையும் நெசவாளர் கோர்வை முறையில் உறுதியாகப் பிணைப்பர். ஒரு நிறம் மற்றொன்றை அழிப்பதில்லை. பிணைந்தவை எளிதில் பிரிவதுமில்லை. மொழியாலும் பண்பாட்டாலும் வேறுபட்ட மக்கள் ஒரு நாடாய் வாழும் வழியும் அதுவேயாகும்.