பகா எண்ணிடம் சறுக்கி எழுந்த மேதை: நெமிலிச்சேரி வழியாக ரெயிலில் வந்த ராமானுஜன்

நெமிலிச்சேரி, டிச.22-

பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கிறது நெமிலிச்சேரி ரெயில் நிலையம். பம்பாயில் இருந்து அரக்கோணம் வழியாக சென்னைக்கு வரும் பழைய ரெயில் பாதை இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது.

1919-ம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் இந்தப் பாதை வழியாக ஒரு வாலிபர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். வயது 31. நோயில் உடம்பு இளைத்து, எலும்பும் தோலுமாக இருந்தார்.

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன். இன்று அவரது பிறந்தநாள்.

அவரது டாக்சி நம்பர் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பகா எண்களோடு அவர் போட்ட மல்லுக்கட்டு பலருக்கும் தெரியாது.

பிடி கொடுக்காத எண்கள்

1 மற்றும் அதே எண்ணைத் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்தான் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். 100-க்குள் 25 இருக்கிறது. 1000-க்குள் 168 இருக்கிறது. அடுத்தது எங்கே வரும் என்று சொல்ல சுலபமான கணக்கு கிடையாது. பெரிய பெரிய மேதைகளுக்கே தண்ணி காட்டிய எண்கள் இவை.

30 ரூபாய் குமாஸ்தா

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள்.

கணக்கில் புலி. மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தேறவில்லை. 1909-ல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. பிறகு வேலை தேடி அலைந்தார்.

1912-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் ரூ.30.

பிசகிப்போன சூத்திரம்

அடுத்த ஆண்டு ஜனவரி 16-ந்தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு கடிதம் எழுதினார். அதற்கு முன்பு வேறு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலன் இல்லை. ஹார்டி மட்டும் உட்கார்ந்து படித்தார். சக பேராசிரியர் லிட்டில்வுட்டும் சேர்ந்து பார்த்தார். இருவரும் அசந்துபோனார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் இடித்தது. ஒரு எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று சொல்லும் சூத்திரத்தை கண்டுபிடித்துவிட்டதாக ராமானுஜன் எழுதியிருந்தார். சின்ன எண்களுக்கு அது கிட்டத்தட்ட சரியாகவே வந்தது. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் பிழை மிகச் சிறியதாகவே இருக்கும் என்று அவர் நம்பினார். அதுதான் தப்பு. எண் பெரிதாக ஆக, பிழை அவர் சொன்ன அளவுக்குள் அடங்கவில்லை.

சரியான நிரூபணம் இல்லாமல் உள்ளுணர்வை நம்பியதால் வந்த சறுக்கல் இது. துறைமுக ஆபீசில் வேலை பார்த்தவருக்கு அதைச் சொல்லித்தர பக்கத்தில் ஆள் இல்லை.

2 பக்கத்தில் பதில்

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் நிரூபிக்கும் முறையைக் கற்றார். 1916-ல் பட்டம், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என பெருமைகள் வந்தன. அதற்குள் உடம்பு கெட்டுப்போனது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக படுத்தார்.

பகா எண்ணை மட்டும் அவர் விடவில்லை. எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்று பிரான்ஸ் நாட்டு பெர்ட்ரான்ட் 1845-ல் சொன்னார். ரஷ்யாவின் செபிஷேவ் அதை நிரூபித்தார். அது நீளமான நிரூபணம். ராமானுஜன் அதையே 2 பக்கத்தில் முடித்தார். 1919-ல் இந்திய கணிதச் சங்க இதழில் அது வெளியானது. இந்த முறை ஓட்டை எதுவும் இல்லை.

அதோடு நிற்கவில்லை. ஒரு எண்ணையும் அதில் பாதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் அந்த எண் வரை, 11-ல் இருந்து குறைந்தது 2 பகா எண்கள் இருக்கும். 17-ல் இருந்து 3, 29-ல் இருந்து 4, 41-ல் இருந்து 5 என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 2, 11, 17, 29, 41 என்று போகும் இந்த வரிசைக்கு இன்று ராமானுஜன் பகா எண்கள் என்று பெயர்.

வேடம் போடும் 1729

லண்டன் புட்னி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்சி எண் 1729 சப்பென்று இருக்கிறது என்றார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் படுக்கையில் இருந்தே சொன்னார்.

அந்த எண்ணிடம் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 7, 13, 19 மூன்றையும் பெருக்கினால் 1729. ஆகவே அது பகா எண் அல்ல. ஆனால் பகா எண்ணா என்று சோதிக்க பெர்மா சொன்ன பழைய முறை ஒன்று இருக்கிறது. 2-ஐ 7 முறை பெருக்கி 2-ஐக் கழித்தால் 126 வரும். அது 7-ஆல் வகுபடும், 7 பாஸ். 9-க்கு இப்படிச் செய்தால் 510 வரும். அது 9-ஆல் வகுபடாது, 9 மாட்டிக்கொள்ளும். 2-க்குப் பதில் எந்த எண்ணை வைத்து இப்படிச் சோதித்தாலும் 1729 பாஸ் ஆகிவிடும். 561, 1105-க்கு அடுத்து இப்படி ஏமாற்றும் 3-வது எண் இதுதான்.

இது வெறும் விளையாட்டு அல்ல. இணையத்தில் ரகசியத் தகவலைப் பூட்டிவைக்கும் முக்கிய முறை ஒன்றுக்கு, சுமார் 300 இலக்கம் உள்ள பகா எண்கள் தேவை. வேடதாரி எண் புகுந்தால் பூட்டு பழுது. எந்த எண்ணையும் சந்தேகத்துக்கு இடமின்றி, வேகமாகச் சோதிக்க முடியும் என்று 2002-ல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மனீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய 3 இந்தியர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

சேத்துப்பட்டில் முடிந்த வாழ்க்கை

ஊர் திரும்பியும் ராமானுஜனுக்கு குணமாகவில்லை. காசநோய் என்றார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா கிருமியாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வு. படுக்கையிலும் தாள் தாளாக கணக்கு எழுதினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி சேத்துப்பட்டில் இறந்தார். அவருக்கு வயது 32. குழந்தைகள் இல்லை.

மனைவி ஜானகி தையல் வேலை செய்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். 1994-ல்தான் காலமானார்.

கணக்கில் ஒருமுறை தப்பாகிவிட்டது என்று நோட்டை மூடிவைக்கும் பிள்ளைகளுக்கு, ராமானுஜனின் அந்த 2 பக்கத்தைப் பற்றி பெற்றோர் எடுத்துச் சொல்லலாம்.